பள்ளிப் பிள்ளைகளிடம் நீரிழிவு அபாயத்தை முன்கூட்டியே கண்டறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிச் செவிலியர்கள், உடல்நலப் பரிசோதனையை ஏற்பாடு செய்யும் ஆசிரியர்கள், வீட்டுக்கு வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் பெற்றோர் ஆகியோருக்காக இந்தப் பக்கம்.

பள்ளியில் நடக்கும் இந்தப் பரிசோதனை சர்க்கரை நோயைக் கண்டுபிடிக்கவா?

இல்லை. டைப் 2 நீரிழிவு வரக்கூடிய பிள்ளைகள் யார் என்று கண்டுபிடிக்க. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. இரத்தச் சர்க்கரை ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காமல் போகத் தொடங்கும். கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளிக்கும். அந்தக் காலம் முழுக்கச் சர்க்கரை அளவு சாதாரணமாகவே இருக்கும். ஆனால் எடை, கழுத்துத் தோல், இரத்த அழுத்தம் ஆகியவற்றில் தடயங்கள் தெரியும். அந்தத் தடயங்களைப் பார்ப்பதுதான் பள்ளியின் வேலை. நோய் உண்டா இல்லையா என்று சொல்வது மருத்துவரின் வேலை.

பெரியவர்களுக்கு வரும் நோய்தானே, பிள்ளைகளிடம் ஏன் இப்போதே தேட வேண்டும்?

இளம் வயதில் வரும் டைப் 2, பெரியவர்களுக்கு வருவதைவிட வேகமாக முற்றுகிறது. அமெரிக்காவில் டைப் 2 உள்ள சிறுவர்களை நீண்ட காலம் பின்தொடர்ந்த 'டுடே' ஆய்வின் முடிவுகள் 2021இல் வெளிவந்தன. நோய் கண்டறிந்து 9 ஆண்டுகளில் அவர்களில் பாதிப் பேருக்குச் சிறுநீரகம், கண், நரம்பு ஆகியவற்றில் ஏதாவது ஒரு பாதிப்பு வந்திருந்தது. 15 ஆண்டுகளில் அது 80 விழுக்காடு. அப்போது அவர்களுக்கு வயது முப்பதைக்கூட எட்டவில்லை.

எந்த வயதில் தொடங்க வேண்டும்?

இரத்தச் சோதனைக்கு அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்லும் வயது 10, அல்லது பூப்புப் பருவம் தொடங்கும் நேரம்; இரண்டில் எது முந்துகிறதோ அது. காரணம் இருக்கிறது. பூப்புக் காலத்தில் வளர்ச்சி ஹார்மோன் கூடுவதால் எந்தப் பிள்ளைக்கும் இன்சுலின் செயல்திறன் ஓரளவு குறையும். ஆரோக்கியமான கணையம் அதைச் சமாளித்துவிடும். ஏற்கெனவே சுமை தாங்கும் கணையம் அந்தக் கட்டத்தில்தான் தடுமாறும். பிள்ளைகளுக்கு டைப் 2 பெரும்பாலும் இந்தப் பருவத்தில் வெளிப்படுவது இதனால்தான்.

எடை, உயரம், கழுத்து ஆகியவற்றைப் பார்ப்பதற்கு 10 வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தின் பல பகுதிகளில் 1, 3, 5, 7 ஆகிய வகுப்புகளில், கண், காது பரிசோதனையோடு சேர்த்தே கழுத்தையும் பார்க்கிறார்கள். ஒற்றைப்படை வகுப்புகளில் மட்டும் பார்ப்பதால் ஒரே பிள்ளையை இரண்டு ஆண்டு இடைவெளியில் ஒப்பிட முடிகிறது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துவிட்டால் வேலை முடிந்துவிடுமே?

எங்களிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இது. சுலபமாகத் தோன்றும் இந்த வழிதான் அதிகக் குழப்பத்தைக் கொண்டுவரும்.

முதலில் கருவி. குளுக்கோமீட்டருக்கான சர்வதேசத் தரநிலையே, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 100 மி.கி.க்கு மேற்பட்ட அளவுகளில் ஆய்வக முடிவிலிருந்து 15 விழுக்காடு வரை விலக இடம் தருகிறது. உண்மையில் 100 இருக்கும் பிள்ளைக்கு 86 என்றும் காட்டலாம், 114 என்றும் காட்டலாம். ஏற்கெனவே நோய் உள்ளவர் மருந்தளவைப் பார்த்துக்கொள்ள இது போதும். 99க்கும் 101க்கும் வேறுபாடு தேடும் வேலைக்கு இது ஆகாது; வெறும் வயிற்றில் 100இல்தான் முன்நீரிழிவு, அதாவது இயல்பைவிடக் கூடி நீரிழிவு எல்லையை எட்டாத நிலை, தொடங்குகிறது. இனிப்பைத் தொட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் அளவு தாறுமாறாக ஏறும். பள்ளியில் எந்தப் பிள்ளை எப்போது எதைத் தின்றது என்று யாருக்குத் தெரியும்?

இரண்டாவது, கணக்கு. ஆயிரம் பிள்ளைகளில் ஒருவருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நோயில்லாதவர்களில் 95 விழுக்காட்டினரைச் சரியாக 'இல்லை' என்று சொல்லும் நல்ல சோதனையே கையில் இருந்தாலும், மீதி 5 விழுக்காடு என்பது 50 பிள்ளைகள். ஒரு பிள்ளையைக் கண்டுபிடிக்க ஐம்பது குடும்பங்களைக் கலங்கடிக்க நேரும்.

இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. 2006இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 12 பள்ளிகளைச் சேர்ந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 1,740 பேருக்கு வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்து, குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100ஐத் தொட்டவர்கள் சுமார் 40 விழுக்காடு. இரண்டு மணி நேர அளவில் நீரிழிவு எல்லையை எட்டியவர்களோ 0.1 விழுக்காடு. எல்லைக்கோட்டில் நிற்கும் பெருங்கூட்டத்தைத்தான் இரத்தச் சோதனை காட்டியது.

மூன்றாவது, பாதுகாப்பு. ஒரே குத்தும் கருவியைப் பலருக்குப் பயன்படுத்தியதால் மருத்துவ மையங்களிலும் முதியோர் இல்லங்களிலும் ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்றுநோய் பரவியது உண்டு. ஊசியை மட்டும் மாற்றினால் போதாது. பேனா வடிவக் கருவியின் முனையிலும் இரத்தம் ஒட்டியிருக்கும். ஏதோ காரணத்தால் குத்தியே ஆக வேண்டும் என்றால், ஒரு தடவை குத்தியதும் தானாகப் பூட்டிக்கொள்ளும் லான்செட்டை (விரல் குத்தும் ஊசியை) மட்டும் பயன்படுத்துங்கள்.

சரி, ஊசி வேண்டாம். பிறகு என்னதான் பார்ப்பது?

நான்கே விஷயங்கள்: குடும்ப விவரப் படிவம், உயரமும் எடையும், கழுத்து, தேவைப்பட்டால் இரத்த அழுத்தம். முதல் மூன்றும் எல்லோருக்கும். நான்காவது, முதல் மூன்றில் ஏதாவது தென்பட்டவர்களுக்கு மட்டும், வேறொரு நாளில்.

படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டினால் பாதி வெறுமையாகத் திரும்பும். கேட்க வேண்டியவை: பெற்றோர், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பெற்றோரின் உடன்பிறந்தோர் ஆகியோரில் யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா, இந்தப் பிள்ளையைச் சுமந்தபோது தாய்க்குச் சர்க்கரை இருந்ததா, பிறந்த எடை என்ன, பிள்ளை தொடர்ந்து ஏதாவது மருந்து எடுக்கிறதா. கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்டீராய்டு மாத்திரைகளும், மனநலத்துக்குத் தரப்படும் ஒலான்சபின், ரிஸ்பெரிடோன் போன்றவையும் எடையையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடியவை. பிறந்த எடையைக் கேட்பது, கருவில் வளர்ச்சி குன்றிப் பிறந்த பிள்ளைக்கும் பின்னாளில் அபாயம் கூடுதல் என்பதால்.

உயரமும் எடையும் பார்ப்பதில் அப்படி என்ன தவறு நடந்துவிடும்?

நிறைய. 48 கிலோ எடையும் 145 செ.மீ. உயரமும் உள்ள 11 வயதுச் சிறுமியை எடுத்துக்கொள்வோம். பிஎம்ஐ என்பது எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுப்பது. 1.45ஐ 1.45ஆல் பெருக்கினால் 2.10. 48ஐ அதனால் வகுத்தால் 22.8. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி அந்த வயதுச் சிறுமிக்கு அதிக எடைக் கோடு 19.9, உடல் பருமன் கோடு 23.7. ஆக இவள் அதிக எடை, பருமன் இல்லை. அவள் முழங்காலைச் சற்று மடித்து, தலையைக் குனிந்து நின்றதால் 142 செ.மீ. என்று பதிவானால் பிஎம்ஐ 23.8 ஆகிவிடும். மூன்று செ.மீ. பிழையில் ஒரு பிள்ளை அடுத்த வகைக்குத் தள்ளப்படுகிறாள்.

ஆகவே, உயரம் பார்க்கும்போது காலணியும் தலையில் உள்ள கிளிப், கொண்டை போன்றவையும் கழற்றப்பட வேண்டும். குதிகால், பிட்டம், தோள்பட்டை ஆகியவை பின்பலகையைத் தொட வேண்டும். கண்ணின் கீழ் விளிம்பும் காதுத் துளையும் ஒரே கிடைக்கோட்டில் இருக்க வேண்டும். அளப்பவரின் கண் மட்டம் அளவுகோலின் மட்டத்துக்கு வர வேண்டும்; உயரமான பிள்ளையை அளக்க ஸ்டூல் தேவைப்படும். இரண்டு முறை அளங்கள். அரை செ.மீ.க்கு மேல் வேறுபட்டால் மூன்றாவது முறை.

எடைக் கருவி கெட்டியான சமதளத்தில் இருக்க வேண்டும். கம்பளத்தின் மேல் வைத்தால் எடை தவறாகக் காட்டும். அன்று காலை 20 கிலோ எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள், நடுவிலும் ஒருமுறை. சட்டைப்பையைக் காலி செய்யச் சொல்ல மறக்க வேண்டாம்.

வயதை ஆண்டோடு நிறுத்தாமல் மாதத்தோடு கணக்கிடுங்கள். 11 வயதும் 11 வயது 10 மாதமும் அட்டவணையில் ஒன்றல்ல. பெரியவர்களுக்கான 25, 30 என்ற எல்லைகளைப் பிள்ளைகளிடம் போட்டுப் பார்ப்பது நாங்கள் அடிக்கடி காணும் பிழை. அப்படிப் பார்த்தால் மேலே சொன்ன சிறுமி 'சரியான எடை' என்று தப்பிப் போவாள்.

எந்த அட்டவணையைப் பயன்படுத்துவது?

உங்கள் நாட்டுச் சுகாதாரத் துறை பரிந்துரைப்பதை. ஆண்டுக்கு ஆண்டு மாற்றாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணை 5 முதல் 19 வயது வரை பொருந்தும். தெற்காசிய வம்சாவளிப் பிள்ளைகளுக்குக் குறைந்த பிஎம்ஐயிலேயே அபாயம் தொடங்குவதால், இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2015 அட்டவணை பெரியவர்களின் 23, 27 என்ற அளவுகளுக்கு இணையான கோடுகளை வைத்திருக்கிறது.

கழுத்தில் எதைப் பார்க்கிறீர்கள்?

பின்கழுத்துத் தோல் கருத்து, தடித்து, தொட்டால் வெல்வெட் துணிபோல் இருப்பதை. மருத்துவப் பெயர் அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ். அக்குள், முழங்கை, விரல் முட்டி, தொடை இடுக்கு ஆகிய இடங்களிலும் வரும். பள்ளியில் கழுத்தை மட்டும் பார்த்தால் போதும். பிள்ளையின் ஆடையைக் கழற்றச் சொல்லத் தேவையில்லை, சொல்லவும் கூடாது.

இரத்தத்தில் மிதமிஞ்சி இருக்கும் இன்சுலின், தோல் செல்களில் உள்ள வளர்ச்சிக் காரணிகளுக்கான ஏற்பிகளையும் தூண்டிவிடுகிறது. தோல் வேகமாகப் பெருகித் தடிக்கிறது. நாம் கருப்பாகப் பார்ப்பது அந்தத் தடிப்பைத்தான். ஊசி போடாமலேயே இன்சுலின் அளவைப் பற்றி ஒரு குறிப்புக் கிடைப்பதால்தான் இந்த அடையாளத்துக்கு இவ்வளவு மதிப்பு.

பார்க்கும் முறை: நல்ல வெளிச்சம், முடிந்தால் சன்னல் ஓரம். முடியைத் தூக்கிப் பிடிக்கப் பிள்ளையிடமே சொல்லுங்கள். தலையைச் சற்று முன்னால் குனியச் சொல்லி, மண்டையோட்டின் அடியிலிருந்து காலர் வரை பார்க்கவும். பிறகு நிமிரச் சொல்லி இரு பக்கமும், முன்பக்கமும். பதிவு செய்ய 0 முதல் 4 வரையிலான பர்க் அளவுகோல் இருக்கிறது. 0 என்றால் இல்லை. 1 என்றால் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும். 2, பளிச்சென்று தெரிந்தாலும் மண்டையோட்டின் அடிப்பகுதியோடு நின்றுவிடும். 3, கழுத்தின் பக்கவாட்டு ஓரம் வரை போகும், ஆனால் முன்னால் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. 4, முன்பக்கமும் தெரியும். இரண்டு பேர் தனித்தனியே பார்த்து எண் போட்டு ஒப்பிட்டுப் பழகினால் 1க்கும் 2க்கும் இடையிலான தடுமாற்றம் குறையும்.

கருத்த தோலுள்ள பிள்ளைகளிடம் நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். தடிப்பும் வரிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அழுக்காகவோ வெயிலில் கருத்ததாகவோ இருக்கலாமே?

இருக்கலாம். ஆல்கஹால் பஞ்சால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். முற்றிலும் போய்விட்டால் அது இறந்த தோலும் அழுக்கும் சேர்ந்த படலம். குளித்தாலும் சோப்புப் போட்டாலும் போகாத இந்தப் படலம் ஆல்கஹாலில் போகும். சுத்தமான பிள்ளைகளுக்கும் வரும். வெயில் கருப்பு காலர் கோட்டோடு நிற்கும், தோல் தடித்திருக்காது. சங்கிலி உராய்ந்த தடம் சங்கிலியின் வடிவிலேயே இருக்கும். அரிப்பும் செதிலும் இருந்தால் தோல் அழற்சியையோ பூஞ்சையையோ நினைக்க வேண்டும்.

வீட்டில் இதைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்குவதைப் பார்க்கிறோம். 'சரியாகக் குளிப்பதில்லை' என்று பிள்ளை திட்டு வாங்குவதும் நடக்கிறது. தேய்த்துப் போகக்கூடியது இல்லை இது. இன்சுலின் அளவு இறங்கினால் மாதக்கணக்கில் மெல்ல மங்கும். வெளுப்பாக்கும் கிரீம்களுக்குச் செலவழிக்க வேண்டாம்.

இரத்த அழுத்தம் பார்ப்பதில் கவனிக்க வேண்டியது?

கையில் கட்டும் பட்டையின் அளவு. பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பையின் அகலம் மேற்கைச் சுற்றளவில் குறைந்தது 40 விழுக்காடும் நீளம் 80 முதல் 100 விழுக்காடும் இருக்க வேண்டும். பருமனான பிள்ளைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் அழுத்தம் பொய்யாக ஏறித் தெரியும். மூன்று அளவுப் பட்டைகளாவது கையில் இல்லையென்றால் பார்க்காமலேயே விடுவது மேல்.

முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி, பேசாமல் 3 முதல் 5 நிமிடம் உட்கார வைத்த பிறகு வலது கையில் பார்க்கவும். விளையாட்டு வகுப்பிலிருந்து ஓடி வந்த பிள்ளையைப் பார்த்துப் பயனில்லை. கூடுதலாக இருந்தால் மேலும் இரு தடவை பார்த்துச் சராசரி எடுங்கள். 13 வயதிலிருந்து 120/80 என்ற எளிய எல்லை போதும். அதற்குக் கீழே வயது, பாலினம், உயரம் மூன்றையும் சேர்த்து அட்டவணை பார்க்க வேண்டும்.

இடுப்புச் சுற்றளவு தேவையா?

கட்டாயமில்லை. எடுத்தால், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு எடுங்கள். உயரத்தில் பாதிக்கு மேல் இருந்தால் வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்று பொருள். மறைப்பும் தனியறையும் இல்லாத இடத்தில் இதைச் செய்யவே வேண்டாம்.

யாரை மருத்துவரிடம் அனுப்புவது?

பருமன் கோட்டைத் தாண்டிய எல்லோரையும். அதிக எடைக் கோட்டைத் தாண்டியவர்களில், குடும்பத்தில் சர்க்கரை, தாயின் கர்ப்பகாலச் சர்க்கரை, குறைந்த பிறப்பெடை, கழுத்துக் கருப்பு, கூடுதல் இரத்த அழுத்தம் ஆகியவற்றில் ஒன்றாவது உள்ளவர்களை. மாதவிடாய் ஒழுங்கில்லாத, முகத்தில் முடி வளரும் பெண் பிள்ளைகளும் இதில் அடங்குவர். ஆனால் அதைச் செவிலியர் தனியாகக் கேட்க வேண்டும், படிவத்தில் அச்சடிக்கக் கூடாது. எடை சரியாக இருந்தும் கழுத்தில் 2 அல்லது அதற்கு மேல் எண் வந்தால் அவர்களையும் அனுப்புங்கள், அவசரமில்லை.

மருத்துவர் என்ன சோதனை செய்வார்?

மூன்றில் ஒன்று, சில நேரம் இரண்டு. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 மி.கி. வரை இருந்தால் முன்நீரிழிவு, 126 முதல் நீரிழிவு. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 140 முதல் 199 வரை முன்நீரிழிவு, 200 முதல் நீரிழிவு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை முன்நீரிழிவு, 6.5 முதல் நீரிழிவு. இவை அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் எல்லைகள். உலக சுகாதார நிறுவனம் வெறும் வயிற்று அளவில் 110இலிருந்துதான் கணக்கிடுகிறது. ஆய்வகம் மில்லிமோலில் முடிவு தந்திருந்தால் 18ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அறிகுறி இல்லாத பிள்ளைக்கு ஒரே ஒரு முடிவை வைத்து நீரிழிவு என்று சொல்லக் கூடாது. இரண்டாவது சோதனையும் அதையே சொல்ல வேண்டும்.

குளுக்கோஸ் சோதனைக்கு ஒரு கிலோ எடைக்கு 1.75 கிராம் குளுக்கோஸ், உச்சம் 75 கிராம். 30 கிலோ பிள்ளைக்கு 52.5 கிராம், 43 கிலோவைத் தாண்டினால் எல்லோருக்கும் 75தான். முந்தைய மூன்று நாளும் வழக்கமான சாப்பாடு சாப்பிட வேண்டும். 'சோதனை வருகிறதே' என்று வீட்டில் மாவுச்சத்தைக் குறைத்துவிட்டால் முடிவு பொய்யாக ஏறும். காய்ச்சல் வந்து போன கையோடும் செய்ய வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. எடுத்த இரத்தம் குழாயிலேயே கிடந்தால் அதிலுள்ள செல்கள் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு சர்க்கரையைத் தின்றுவிடும். காலையில் எடுத்துப் பிற்பகலில் ஆய்வகம் சேர்ந்த மாதிரியில் 'சாதாரணம்' என்று வந்தால் அதை நம்ப முடியாது.

வெறும் வயிறு வேண்டாத எச்பிஏ1சி ஒன்றே போதுமே?

வசதியானதுதான். ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை உள்ள பிள்ளைக்கு அது கூட்டிக் காட்டும். சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய்களிலும், அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தாலும் குறைத்துக் காட்டலாம். அரிவாள் செல், தலசீமியா போன்ற பரம்பரைக் குறைகள் குடும்பத்தில் இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முன்நீரிழிவு என்று வந்துவிட்டது. சர்க்கரை நோய் வந்தே தீருமா?

தீராது. பூப்புப் பருவம் முடியும்போது இன்சுலின் செயல்திறன் மீள்வதால் பல பிள்ளைகள் தாமாகவே இயல்பு நிலைக்குத் திரும்புகிறார்கள். எடை ஏறிக்கொண்டே போகிறவர்கள்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும் வாய்ப்பு அதிகமுள்ளவர்கள். பிள்ளைகளின் முன்நீரிழிவுக்கு வழக்கமாக மாத்திரை தருவதில்லை.

செய்ய வேண்டியது: சர்க்கரை சேர்த்த பானங்களை நிறுத்துவது, நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாடுவது, தூக்கம். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும், 13 முதல் 18 வரை 8 முதல் 10. வளரும் பிள்ளை எடை இழக்க வேண்டும் என்பதில்லை. உயரம் கூடும்போது எடை நின்றாலே பிஎம்ஐ இறங்கும். பட்டினி போடுவது ஆபத்து. பிள்ளைக்கு மட்டும் தனிச் சாப்பாடு, மற்றவர்களுக்கு வழக்கம்போல் என்றால் ஒரு மாதம்கூட ஓடாது.

ஒல்லியான பிள்ளைக்குச் சர்க்கரை வராதா?

வரும், டைப் 1. கணையத்தால் இன்சுலின் சுரக்க முடியாமல் போகும் வகை இது. மேலே சொன்ன எந்தப் பள்ளிப் பரிசோதனையிலும் அது அகப்படாது. பள்ளியில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது இதன் அறிகுறிகளை: ஓயாத தாகம், அடிக்கடி கழிவறைக்கு அனுமதி கேட்பது, இரவில் நனைக்காத பிள்ளை மறுபடி படுக்கையை நனைப்பது, சில வாரங்களில் இளைத்துப்போவது, சோர்வு. இவை தெரிந்தால் அன்றே இரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். 'நாளைக் காலை வெறும் வயிற்றில் பார்க்கலாம்' என்பது இங்கே பெரும் தவறு. ஓரிரவில் நிலைமை கைமீறக்கூடும். இந்த இடத்தில் குளுக்கோமீட்டர் தாராளமாகப் பயன்படும், ஏனென்றால் தேடுவது 99ஆ 101ஆ என்பதை இல்லை. வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து வேகமாக மூச்சு வாங்குதல், மூச்சில் பழவாடை ஆகியவை சேர்ந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு.

இத்தாலியின் பார்மா மாகாணத்தில் 1990களில், திடீரெனப் படுக்கையை நனைப்பதைப் பற்றிய சுவரொட்டிகளைப் பள்ளிகளிலும் குழந்தை மருத்துவர்களின் அறைகளிலும் ஒட்டினார்கள். புதிதாக டைப் 1 கண்டறியப்பட்ட பிள்ளைகளில், இரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலையில் வந்தவர்களின் பங்கு 78 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஒரு சுவரொட்டிக்கு இதைவிட நல்ல பலன் கிடைத்ததாக எங்களுக்குத் தெரியாது.

டைப் 1ஐயும் முன்கூட்டியே கண்டறிய முடியுமா?

முடியும், கணையச் செல்களுக்கு எதிராக உடலே உருவாக்கும் எதிர்ப்பொருட்களைத் (ஆன்டிபாடி) தேடும் இரத்தச் சோதனையால். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வகைகள் இருந்தால், சர்க்கரை சரியாக இருந்தாலும் நோயின் முதல் கட்டம் தொடங்கிவிட்டது என்றே கணக்கு. இத்தாலி 2023இல் இதற்கென்று தேசிய அளவில் சட்டமே இயற்றியது. பள்ளி தனியாக ஏற்பாடு செய்யக்கூடிய வேலையில்லை இது.

சிறுநீரில் சர்க்கரை பார்ப்பது?

ஜப்பானில் பள்ளிகளில் செய்கிறார்கள். டோக்கியோவில் 1974இல் தொடங்கி, 1992இலிருந்து நாடு முழுவதும். ஊசியில்லை, செலவும் குறைவு. குறை என்னவென்றால், இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். ஆகவே இது அபாயத்தைக் காட்டாது, வந்துவிட்ட நோயைத்தான் காட்டும். சிறுநீரகம் இயல்பாகவே சர்க்கரையைக் கசியவிடும் சிலரும் தவறாக மாட்டிக்கொள்வார்கள். வைட்டமின் சி மாத்திரை விழுங்கிய பிள்ளைக்குச் சிறுநீர்ச் சோதனைப் பட்டை பொய்யாக 'இல்லை' என்று சொல்லலாம்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்வார்களே?

செய்வார்கள். கலிபோர்னியாவில் 79 பள்ளிகளில் நடந்த ஆய்வில், பிஎம்ஐ அறிக்கையை வீட்டுக்கு அனுப்பியதால் பிள்ளைகளின் எடை குறையவில்லை. பள்ளியில் எடை பார்த்ததே பிள்ளைகளுக்குத் தம் உடல்மீது அதிருப்தியைக் கூட்டியது. 2021இல் இது வெளிவந்த பிறகும் வகுப்பறையில் வரிசையாக நிறுத்தி எடையை உரக்கச் சொல்லி எழுதும் பழக்கத்தை நியாயப்படுத்த முடியாது.

ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை, தடுப்புக்குப் பின்னால். கருவியின் திரை பிள்ளைக்கும் வரிசைக்கும் தெரியாத பக்கம். எண்ணை வாயால் சொல்லாமல் அளப்பவரே எழுத வேண்டும். கூடப் படிக்கும் மாணவர்களை உதவிக்கு வைக்காதீர்கள். முடிவு, வகுப்புப் பெயர்ப்பட்டியலில் ஏறக் கூடாது. உறை எல்லாப் பிள்ளைகளுக்கும், ஒரே நிறத்தில், ஒட்டியபடி. 'எதுவும் தென்படவில்லை' என்பவர்களுக்கும் கடிதம் உண்டு. உறை கிடைத்ததே அடையாளமாகிவிடக் கூடாது அல்லவா?

கடிதத்தில் என்ன எழுதுவது?

இப்படி எழுதலாம்: 'அண்மையில் பள்ளியில் நடந்த பரிசோதனையில், பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரக்கூடிய வாய்ப்பைக் காட்டும் சில குறிகள் உங்கள் பிள்ளையிடம் தெரிந்தன. பிள்ளைக்கு இப்போது நோய் இருப்பதாக இதற்குப் பொருள் இல்லை. நான்கு வாரங்களுக்குள் மருத்துவரிடம் காட்டி, இந்தத் தாளைக் கொடுங்கள்.' கீழே உயரம், எடை, பிஎம்ஐ, கழுத்து எண், இரத்த அழுத்தம், அளந்த தேதி. அதற்கும் கீழே மருத்துவர் நிரப்பித் திருப்பி அனுப்பும் துண்டுச்சீட்டு. 'குண்டு' போன்ற சொற்களும், உணவுப் பழக்கம் பற்றிய அறிவுரையும் இதில் வேண்டாம்.

கடிதம் கொடுத்தாகிவிட்டது. பள்ளியின் பொறுப்பு முடிந்ததா?

பெரும்பாலான திட்டங்கள் உடைவது இங்கேதான். எத்தனை பிள்ளைகளைப் பரிசோதித்தோம் என்ற கணக்கு எல்லோரிடமும் இருக்கும். எத்தனை பேர் மருத்துவரைப் பார்த்தார்கள் என்று கேட்டால் பதில் இராது. இரண்டு வாரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு, ஆறாவது வாரத்தில் இன்னொன்று. பதிவேட்டில் நான்கு கட்டம்: கடிதம் போனது, மருத்துவரைப் பார்த்தது, சோதனை நடந்தது, முடிவு வந்தது. அனுப்பியவர்களில் பாதிப் பேராவது மருத்துவரிடம் போய்ச் சேரவில்லையென்றால், அடுத்த ஆண்டு புதிதாக யாரையும் பரிசோதிப்பதற்கு முன் ஏன் போகவில்லை என்று விசாரியுங்கள். பணமா, நேரமா, பயமா, கடிதம் புரியவில்லையா? அனுப்ப மருத்துவரே இல்லாத ஊரில் பரிசோதனையைத் தொடங்காதீர்கள்.

இதெல்லாம் பலன் தரும் என்று நிரூபிக்கப்பட்டிருக்கிறதா?

முழுமையாக இல்லை. அறிகுறியற்ற பிள்ளைகளிடம் டைப் 2ஐத் தேடிப் பார்ப்பதன் நன்மை தீமைகளை எடைபோடச் சான்று போதாது என்றே அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2022இல் சொன்னது. அபாயம் உள்ள பிள்ளைகளைக் குறிவைத்துப் பார்க்கச் சொல்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம். பருமனுள்ள பிள்ளைகளுக்கு ஓராண்டுக்குள் குறைந்தது 26 மணி நேரம் குடும்பத்தோடு சேர்த்து அளிக்கப்படும் பயிற்சி உதவுகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. 2024இல் அதே பணிக்குழு அதைப் பரிந்துரைத்தது. அந்த 26 மணி நேரத்தை உங்கள் பகுதியில் யார் தருவார்கள் என்பதைப் பரிசோதனைக்கு முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இரத்தச் சோதனை சரியாக இருந்தால் மறுபடி எப்போது?

மூன்று ஆண்டில். எடை வேகமாக ஏறினால் அதற்கு முன்பே.

பெற்றோர் வேண்டாம் என்றால்?

விட்டுவிடுங்கள். பெற்றோர் சம்மதித்து, பிள்ளை மறுத்தாலும் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மறுத்தவர்களுக்கும் டைப் 1இன் அறிகுறிகளான தாகம், அடிக்கடி சிறுநீர் போவது, உடல் இளைப்பது பற்றிய ஒரு பக்கத் தாளை மட்டும் கட்டாயம் கொடுத்தனுப்புங்கள்.